காட்டேஜ் பிரேயர் நோட்டும் எங்கள் மும்பை சபையும்

சனிக்கிழமை இரவு மெகா பிளாக் எந்த லைனில் என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் சபையில் பாதிப் பேர் படுக்கப் போவார்கள். தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சில மணி நேரம் லோக்கல் ரயிலை நிறுத்துவதும் வேறு பாதையில் திருப்பி விடுவதும் மும்பையில் வழக்கம். ஹார்பர் லைனில் பிளாக் என்றால் மான்கூர்டு, பன்வேல் பக்கத்துக் குடும்பங்கள் ஆரம்பப் பாட்டும் பாவ அறிக்கையும் முடிந்த பிறகுதான் வந்து சேரும். போதகர் அதற்குத் தகுந்தாற்போல் பிரசங்கத்தைச் சற்றுத் தள்ளிப்போடுவார். பிந்தி வருகிறவர்களை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. ஊர் ஆலயத்தில் இது நடக்குமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

எனக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயத்தில் ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் முடித்துவிட்டு, கல்யாணமாகி மும்பைக்கு வந்தவள். புகுந்த வீடு மெதடிஸ்ட் என்ற வேறு சபைப் பிரிவு என்றதும் அம்மாவுக்குக் கலக்கம். "அங்க போனா மறுபடியும் முழுக்கு எடுக்கச் சொல்வாங்களாடி?" என்று கேட்டாள். அப்படி எதுவும் இல்லை. இங்கும் குழந்தை ஞானஸ்நானம் உண்டு, திடப்படுத்தல் உண்டு. தென்னிந்தியாவில் ஊழியம் செய்த பிரிட்டிஷ் வெஸ்லியன் மெதடிஸ்டுகள் 1947ல் சி.எஸ்.ஐ.யோடு சேர்ந்துவிட்டார்கள். அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் வழியாக வந்த சபைகள் சேரவில்லை. அவைதான் 1981ல் மெதடிஸ்ட் சர்ச் இன் இந்தியா என்று தன்னாட்சி பெற்றன. தூத்துக்குடிப் பக்கம் இந்தப் பெயர் அவ்வளவாகக் காதில் விழாததற்குக் காரணம் இதுதான்.

எனக்குப் புதிதாக இருந்தது, அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்து. ஊரில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம். இங்கே சின்னச் சின்னக் கிண்ணங்கள், அதில் புளிக்காத திராட்சைச் சாறு. தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் 1869ல் அமெரிக்காவில் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பதப்படுத்தியதே திருவிருந்துக்காகத்தானாம். கேட்டபோது சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். பிறகு, குடியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஒரு அண்ணாச்சி பயமில்லாமல் கை நீட்டி வாங்கியதைப் பார்த்தபோதுதான் அதன் அருமை புரிந்தது.

மும்பையில் பல மெதடிஸ்ட் ஆலயங்களைப் போல எங்கள் கட்டடமும் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வேறு மொழிச் சபைகளும் அதே கூரையின் கீழ் கூடுகின்றன. மராத்திக்காரர்கள் வாசலில் வந்து நிற்பதற்குள் நாங்கள் கடைசிப் பாட்டை முடித்து, பாய் சுருட்டி, மைக்கைக் கழற்றி, ஃபேனை அணைத்திருக்க வேண்டும். ஆராதனை முடிந்து உள்ளேயே நின்று கதை பேசுகிற வசதி கிடையாது. எங்கள் ஐக்கியமெல்லாம் காம்பவுண்டு ஓரத்தில், டீ கப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான். அங்கேதான் வேலை விஷயம், வரன் விஷயம், எந்தப் பள்ளியில் அட்மிஷன் திறந்திருக்கிறது, ஊருக்குப் போக ரயிலில் தட்கால் கிடைக்குமா என்பதெல்லாம் ஓடும்.

வாரம் இப்படிப் போகும். ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, அப்புறம் ஆராதனை. வாரத்தின் நடுவில் பெண்கள் சங்கம். வியாழன் மாலை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். அதை நாங்கள் காட்டேஜ் பிரேயர் என்போம். வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழுவும் வாலிபர் கூட்டமும். எல்லாவற்றுக்கும் எல்லாரும் போவதில்லை. வேலைக்குப் போகிறவளால் முடியவும் முடியாது. மும்பைக்குப் புதிதாக வந்து, வாரத்தில் ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் என்றால் எதற்குப் போவது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: ஞாயிறு எப்படியும் வருவீர்கள், அதற்கு மேல் ஒன்று என்றால் வியாழன்.

ஏனென்றால் வியாழன் கூட்டத்தில்தான் நோட்டு இருக்கிறது. நீள நோட்டு, சாதாரணக் கடையில் வாங்கியது. சபைக் குடும்பங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவர். யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவரிடம் பேசியது யார், என்ன விஷயம் என்று அதில் எழுதுவார். எங்கள் பகுதி நோட்டு முதலில் என் அத்தையிடம் இருந்தது. முட்டி வலி வந்து அவர்களால் சால் என்கிற பழைய வரிசை வீட்டுக் கட்டடங்களில் படியேற முடியாமல் போனதும் என் கைக்கு வந்தது.

ஆஜர் எடுக்கிற வேலை என்று சிலர் கேலி செய்வார்கள். ஆனால் மெதடிஸ்ட் சபையின் உயிரே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கூட்ட அறை கட்டிய கடனில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்று ஒருவர் சொல்ல, ஏழைகளுக்கு அதுவும் முடியாதே என்று இன்னொருவர் மறுத்திருக்கிறார். "ரொம்ப ஏழையான 11 பேரை என்னிடம் விடுங்கள். வாரா வாரம் நானே வீடு தேடிப் போய் வாங்குகிறேன், அவர்களால் முடியாவிட்டால் நான் போட்டுவிடுகிறேன்" என்ற பொருளில் பேசி முன்வந்தவர் ஃபோய் என்ற கப்பல் தலைவர். அப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து வீட்டு வாசலில் போய் நின்றபோதுதான் உள்ளே நடப்பது தெரிய வந்தது. ஒரு வீட்டில் நோய், இன்னொரு வீட்டில் குடி, வேறொன்றில் சண்டை. வகுப்பு என்று பெயர் பெற்ற அந்தக் குழு, கடனுக்காகத் தொடங்கி ஆள் விசாரிக்கிற குழுவாகிவிட்டது. மும்பைக்கும் இது இதே வழியில்தான் வந்தது. 1871ல் இங்கே வந்த வில்லியம் டெய்லர் என்ற சுவிசேஷகர் முதலில் ஆலயம் கட்டவில்லை. வீடுகளில் கூடுகிற சின்னக் குழுக்களை ஏற்படுத்தினார், வெளிநாட்டு மிஷன் பணத்தை எதிர்பார்க்காமல் உள்ளூர் ஆட்களே தாங்க வேண்டும் என்றார்.

இந்த நோட்டு என்ன செய்யும் என்பது மாமா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது எனக்குத் தெரிந்தது. அப்போது நோட்டு என்னிடம் இல்லை. பக்கத்துப் பகுதித் தலைவி ஒரு பெரியம்மா போன் செய்து, "ஸ்தோத்திரம்மா, வியாழக்கிழமை உங்க வீட்ல இருந்து யாருமே வரலையே?" என்று கேட்டார்கள். சொன்னேன். அன்று ராத்திரியே வார்டில் என் கணவரை மாற்றிவிட ஆள் வந்தாயிற்று. மாநகராட்சி ஆஸ்பத்திரியில் நோயாளியோடு எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டோடு ஓட, ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள, மராத்தியில் பேச இன்னொருவர் வேண்டும். இரண்டு பேர் வேலைக்குப் போகிற வீட்டில் அதற்கு ஆள் ஏது? பெரியம்மா நோட்டைப் பார்த்து, ராத்திரி டியூட்டிக்காரர்களைப் பகலுக்கும், கல்லூரிப் பையன்களை ராத்திரிக்கும் போட்டார்கள். ரத்தம் கேட்டபோது வாலிபர் சங்கத்திலிருந்து வந்தார்கள். கஞ்சி ஒரு வீடு, மதியச் சாப்பாடு ஒரு வீடு.

அதிலிருந்து நாங்கள் சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். குடும்பத்தில் எல்லாருக்கும் போன் போட்டு விசாரிக்கக் கூடாது. ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்க வேண்டும். வார்டில் சத்தமாக ஜெபிக்கக் கூடாது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் வலி இருக்கிறது. உட்கார்ந்து கதை கேட்காமல் சீக்கிரம் எழுந்து வர வேண்டும். பழம் வாங்கிப் போவதை நான் அறவே விட்டுவிட்டேன். சர்க்கரை நோயாளியின் தலைமாட்டில் ஆப்பிள் மலை போலக் குவிந்து கிடக்கும், கூட இருக்கிற மகனுக்கு வடா பாவ் வாங்கக் கையில் சில்லறை இருக்காது. ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்து, "ஆட்டோவுக்கு வச்சுக்கப்பா" என்று கொடுத்துவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

பணத்தைவிடப் பெரிய உதவி தகவல்தான். மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் படுக்கைகளில் 10 சதவீதத்தை மிகவும் ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பார்ப்பதற்குப் பெரிய தனியார் ஆஸ்பத்திரி போல நிற்கும் பல கட்டடங்கள் உண்மையில் இந்த வகை. அதுபோல மகாத்மா ஜோதிராவ் புலே பெயரில் மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் ரேஷன் அட்டையும் ஆதாரும் கையில் இருக்க வேண்டும், வருமானச் சான்று கேட்டால் தாசில்தாரிடம் வாங்க வேண்டும். அட்மிஷன் போட்ட அன்றே ஆஸ்பத்திரிச் சமூக சேவகரைப் போய்ப் பார்க்க வேண்டும். பில் போட்ட பிறகு போய் அழுதால் வேலை கடினம். நம் ஆட்களில் பலர் ரேஷன் அட்டையை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள், இல்லை மும்பை அட்டையில் பெயர் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் நோட்டில் இப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதிரில் இதையும் குறித்து வைக்கிறேன். ஜெபக்கூட்டத்தில் ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசுவது பக்திக்குறைவு என்று முணுமுணுத்த ஒருவரே பிறகு மனைவி பெயரைச் சேர்க்கப் படிவம் நிரப்பித் தரச் சொல்லி வந்தார்.

சாவுக்கும் இப்படித்தான். வீட்டில் இறந்தால், பார்த்துவந்த டாக்டர் மரணக் காரணச் சான்று எழுதித் தர வேண்டும். அது 4ஏ படிவம். ஆஸ்பத்திரி என்றால் அவர்களே 4ஆம் படிவம் தருவார்கள். பதிவு 21 நாட்களுக்குள். குடும்ப டாக்டர் என்று ஒருவரை வயதானவர்கள் உள்ள வீடுகள் முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். கல்லறைத் தோட்டத்துக்குச் சபைக் கடிதம், பெட்டி, வண்டி இதையெல்லாம் ஓடிச் செய்ய இரண்டு அண்ணாச்சிகள் இருக்கிறார்கள். துக்க வீட்டுக்காரர்கள் எந்த அலுவலக வாசலிலும் நிற்கக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் சட்டம்.

இனி பணம். திருவிருந்து ஞாயிறுகளில் எடுக்கிற தனிக் காணிக்கை ஏழைகள் நிதிக்குப் போகிறது. பெரிய தொகை இல்லை. வெஸ்லி 1746ல் லண்டனில், ஒரு பழைய பீரங்கி வார்ப்புச் சாலையில் கூடிய சபையில் கடன் நிதியே நடத்தினார். ஒருவருக்கு 20 ஷில்லிங் வரை, மூன்று மாதத்துக்குள் வாரா வாரம் திருப்பித் தர வேண்டும். எங்களிலும் அதுபோல் கடன் கொடுக்கலாமே என்று ஒரு காலத்தில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று, நானும் வேண்டாம் என்றுதான் கை தூக்கினேன். கடன் வாங்கியவர் முதல் தவணை தவறியதும் முதலில் நிறுத்துவது ஆலயத்துக்கு வருவதைத்தான். ஐயாயிரம் ரூபாய்க்காக ஒரு குடும்பத்தை இழப்பதைவிட, ஆயிரமோ இரண்டாயிரமோ திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.

சீட்டு அதைவிட மோசம். சபைக்குள் சீட்டுப் பிடிக்காதீர்கள், சேராதீர்கள். மும்பைத் தமிழர்களுக்கு நகையும் ரூம் டெபாசிட்டும் கல்யாணச் செலவும் சீட்டில்தான் வந்தன என்பது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வெளியே போடுங்கள். ஒரே பெஞ்சில் உட்காருகிற இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் உடைந்த சீட்டு ஒன்று வந்துவிட்டால் எந்தப் பிரசங்கமும் அதை ஒட்ட வைக்காது. எங்களில் நடந்தது, இன்றைக்கும் ஒரு குடும்பம் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. சமாதானம் சொல்கிற நேரத்தில் மட்டும் கை கொடுத்துக்கொள்கிறார்கள், அதையும் மறுக்கக் கூடாது என்பதற்காக.

ஜெபக்குறிப்பு விஷயத்திலும் கவனம் தேவை. "ஒரு சகோதரியின் வீட்டுப் பிரச்சினைக்காக" என்று ஆரம்பித்தாலே எந்தச் சகோதரி என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், இது சின்ன சபை. அதனால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று உரியவரிடம் கேட்டுக்கொண்டுதான் கூட்டத்தில் சொல்வேன். அடி, குடி, பிள்ளையின் காதல் போன்றவற்றை நோட்டில் எழுதுவதே இல்லை. ஒரு புள்ளி மட்டும் வைப்பேன். அந்தப் புள்ளிக்கு அர்த்தம் எனக்கும் பாஸ்டரம்மாவுக்கும் தெரியும்.

ஓய்வுநாள் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் படிப்பது ஆங்கிலத்தில், விளையாடுவது இந்தியில். எங்கள் பாடகர் குழுவில் பாதிப் பேர் போனில் ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருக்கிற வரிகளைப் பார்த்துத்தான் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள். மனப்பாட வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தால் பரிசு என்று வைத்த பிறகு சில வீடுகளில் ஆச்சிகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. ஊருக்குப் போனால் பஸ் போர்டு படிக்கிறான் என்று ஒரு அம்மா பெருமையாகச் சொன்னார்.

ஊரிலிருந்து தனியாக வேலைக்கு வருகிற பையன்களை, "சாப்பிட வாங்க தம்பி" என்று கூப்பிடுவது நல்லதுதான், ஆனால் அதோடு விட்டால் மூன்றாவது வாரம் கூச்சப்பட்டு வரமாட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். மைக் பிடி, பாய் விரி, பாட்டிக்கு ரிக்‌ஷா பிடித்துக் கொடு. அப்போதுதான் தங்கள் இடம் என்று நினைப்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஞானஸ்நானச் சான்றின் நகலும் சபை மாற்றுக் கடிதமும் வாங்கி வரச் சொல்லுங்கள். மும்பையில் பெண் பார்த்து, கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது ஆலயத்தில் கல்யாண அறிவிப்புச் சொல்ல வேண்டும் என்கிற நேரத்தில் ஊர் ஆலயத்துக்கு ஓடுகிற அவதி பலருக்கு வந்திருக்கிறது.

அறுப்பின் பண்டிகை ஏலம் இந்தப் பையன்களுக்கென்றே நடப்பது போல் இருக்கும். வயலே இல்லாத ஊரில் அறுப்பு! தாதர் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயும் யாரோ வீட்டில் சுட்ட கேக்கும் ஊரிலிருந்து வந்த கருப்பட்டியும்தான் காணிக்கை. ஒரு தேங்காயை நாலு பேர் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போவார்கள், எடுத்தவன் அதையே மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுவான்.

மெதடிஸ்ட் சபையில் போதகர் நிரந்தரமில்லை. கான்ஃபரன்ஸ் கூடி பிஷப் நியமனப் பட்டியல் வாசிக்கும்போது யார் எங்கே என்பது முடிவாகும். அன்பாக இருந்த ஒருவர் மூட்டை கட்டிவிட்டுப் போக, அடுத்தவர் வந்து இறங்குவார். முதலில் எனக்கு இது கொடுமையாகப் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. போதகர் மட்டுமே எல்லார் கஷ்டத்தையும் தெரிந்து வைத்திருக்கிற சபை, அவர் மாறிய அடுத்த மாதமே தடுமாறுகிறது. எங்களில் புதியவர் வந்ததும் பகுதித் தலைவர்கள் நோட்டோடு போய் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பமாகச் சொல்லிவிடுவோம்.

இப்போது எங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி வீடு. பழைய சால்கள் இடிந்து புதுக் கட்டடமாகிற இடங்களில் வாடகைக்கு இருந்தவர்கள் அம்பர்நாத், கல்யாண், பன்வேல், விரார் என்று சிதறிவிட்டார்கள். தெருவை வைத்துப் பிரித்த பகுதிகளுக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. ஒரு பகுதி நோட்டில் இருந்தவர்களில் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் சொற்பம். வியாழன் மாலை ஏழு மணிக்கு தாணேயைத் தாண்டிப் போய்த் திரும்புவது யாராலும் முடியாத காரியம். அதனால் போன கமிட்டியில் பகுதிகளை ரயில் லைன்படி மாற்றினோம். சென்ட்ரல் ஒரு நோட்டு, ஹார்பர் ஒரு நோட்டு, வெஸ்டர்ன் ஒரு நோட்டு, சபைக்கு நடந்து வருகிறவர்களுக்கு ஒன்று. தூரத்து லைன்களில் மாதம் ஒரு வியாழன் வீட்டில் கூடுவது, மற்ற வாரங்களில் போனில். போனில் பாட்டுப் பாடினால் ஆளுக்கொரு தாளத்தில் போகும் என்பதால் பாட்டை எடுத்துவிட்டோம்; பெயர் கூப்பிடுவது மட்டும் உண்டு. சென்ட்ரலை நான் எடுத்துக்கொண்டேன், ஹார்பருக்கு மான்கூர்டு அக்கா. வெஸ்டர்னுக்கு மட்டும் இன்னும் ஆள் இல்லை. விராரில் இருக்கிற ஒரு தம்பியிடம் கேட்டிருக்கிறோம், டியூட்டி நேரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.